கரைவுக் கணக்கு

ஐஸ் ஆலையில் எனக்குக் கணக்கு வேலை.
ஐம்பது கிலோப் பாளம் லாரி ஏறிக்
கடற்கரை போய்ச் சேரும்போது நாற்பத்து மூன்று.
மிச்சம் ஏழு கிலோவுக்குப்
பேரேட்டில் தனிக் கட்டம் உண்டு:
கரைவு.

ஐந்து வருடத்துக்கு ஒருமுறை
இதே பேனாவுடன் என்னை
மீனவர் சம்மேளனத் தலைவர் தேர்தலுக்கும் கூப்பிடுவார்கள்.

தொண்டிக்குத் தெற்கே ஒன்பது துறை.
ஒவ்வொரு துறைக்கும் ஓர் எடை,
புயலடித்த வருடம் எண்ணிய படகுகளின்படி.
உப்பேரித்துறையில் இன்று படகே கிடையாது,
இறால் பண்ணைக்குக் காவல் போகிறார்கள்.
ஆனாலும் எடை பதினெட்டு,
செத்தவர் பேரில் வரும் ரேஷன் அரிசி போல
அளவு குறையாமல்.

துறைக்குள் ஒரு தலை கூடுதலாக வாங்கியவர்
துறையையே எடுத்துக்கொள்வார்.
விதி அவ்வளவுதான்.

வடக்கே நான்கும் நங்கூரம்.
தெற்கே நான்கும் துடுப்பு.
பெண் பார்க்கும்போதே விசாரித்துக்கொள்வார்கள்.
அணியத்தில் சின்னம் எழுதாமல்
புதுப் படகு தண்ணீர் தொடாது.
அங்கெல்லாம் யாரும் ஓட்டுக் கேட்டு வருவதில்லை.
சொந்தக் கிணற்றை யார் விலை பேசுவார்?
எதிராளியும் வருவதில்லை.
உவர்க்கிணற்றில் யார் வாளி விடுவார்?

எல்லாக் காலடியும் கோரைமுனைக்கு.
எண்பத்தாறு ஓட்டு, எடை பதினொன்று,
இன்ன பக்கம் என்று சொல்லாத ஊர்.
சோழகம் வீசிய இரண்டு மாதமும்
செபமாலை அங்கே உட்கார்ந்து வலை பொத்தினார்.
நம்புவேல் மடியில் வைத்து
மூன்று பிள்ளைகளுக்குக் காது குத்தினார்கள்.
ஏலக்கூடத்துக்குக் கூரை வந்தது.
அடுத்த வாரம்
கூரைக்கு மேல் இன்னொரு கூரை.

எங்கள் வட்டமுனையில் பாலம் இடிந்து மூன்று வருடம்.
நாங்கள் விசுவாசமான துடுப்பு.

அந்தத் துடுப்பு ஊரில்
ஜெசிந்தா மட்டும் நங்கூரத்துக்குக் குத்துவாள்,
கருவாட்டுக் களத்தைப் பிடுங்கிய நாளிலிருந்து.
மட்டும் என்றா சொன்னேன்?
எண்ணிப் பார்த்தேன், நூற்று நாற்பது பேர்.
மற்றவர்கள் வெளியே சொல்வதில்லை.
"என் ஓட்டு எங்க போகுது கணக்கரே?"
கரைவு என்றேன், விளையாட்டாக.
அவள் சிரிக்கவில்லை.
"கரைஞ்ச ஐஸு
மீனையாவது நனைச்சிட்டுப் போகும்."

எண்ணிக்கை இரவு.
சேகனா டீக்கடைத் தொலைக்காட்சியில்
ஏதோ பெரிய தேசத்தின் வரைபடம்,
பாதி சிவப்பு, பாதி நீலம்.
ஏழெட்டு மாநிலத்தை மட்டும்
விரலால் தட்டித் தட்டிக் காட்டிக்கொண்டிருந்தார் ஒருவர்.
மற்றவை எண்ணுமுன்பே நிறம் பூசிக்கொண்டிருந்தன.
சேகனா ஆற்றிய டீயை நிறுத்திக் கேட்டார்:
"நம்ம சம்மேளன விதிய
இவங்களுக்கு யாருப்பா எழுதிக் குடுத்தது?"

வடக்கு எழுபது. தெற்கு அறுபத்தெட்டு.
கோரைமுனை மூன்று ஓட்டில் துடுப்புக்குச் சாய்ந்தது.
எழுபத்தொன்பது. நம்புவேல் தலைவர்.
வெடிச் சத்தத்தில் வத்தைகளில் தூங்கிய கொக்கெல்லாம் எழுந்தன.

வழக்க தோஷம்,
ஒன்பது துறைத் தலைகளையும்
பென்சிலால் ஒன்றாகக் கூட்டிப் பார்த்தேன்.
தோற்றவருக்கு இருநூற்றுப் பன்னிரண்டு அதிகம்.
இரண்டாம் தரம் கூட்டினேன்.
அதேதான்.
எந்தக் கட்டத்தில் எழுதுவது?
நானும் துடுப்புக்குத்தான் குத்தியிருந்தேன்.
ரப்பர் எடுத்தேன்.
தாள் மட்டும் கொஞ்சம் மெலிந்தது.

விடிகாலை நான்குக்கு லாரி.
கோரைமுனைக்கு இரண்டு பாளம் கூடுதல்,
புதுத் தலைவர் சொல்லியனுப்பியிருந்தார்.
வட்டமுனைக்கு வழக்கம்போல்.
பின்பலகை இடுக்கில் சொட்டியபடி போனது.
இடிந்த பாலம் வரை
சாலையில் ஒரு ஈரக்கோடு.
அதற்கப்பால் ஜெசிந்தாவும் ஆறேழு பேரும்
தலையில் சாக்கு மடித்து வைத்து
இறக்கிச் சுமக்கக் காத்திருந்தார்கள்.