நடக்கும் வேலி

சாக்ரன் கொண்டுவந்து விட்டான்,
காவல் கம்பெனி வேனின் பின்கதவைத் திறந்து.
கூடவே ஒரு தாள்:
பெயர் டியூக். வயது நான்கு.
கடிக்க மறுக்கிறது. வேலைக்கு ஆகாது.

அல்சேஷன்.
நான் கேட்டுக்குப் பின்னாலேயே நின்றேன்.
கெண்டைக்காலில் எண்பதாம் வருஷத்துத் தழும்பு
சட்டென்று விழித்துக்கொண்டது.
பள்ளி வாசலில் அட்டை பிடித்து நின்றோம் அன்று.
லாரியிலிருந்து இறங்கின
இதே காதுகள், இதே தாழ்ந்த இடுப்பு.
வேலியே பயிரை மேயும் என்பார்கள்.
சாட்ஸ்வொர்த்தில் வேலிக்குப் பல்லும் இருந்தது.

எதிரியைத் தெரிந்துகொள்வோமே என்று
நூலகத்தில் தேடிப் படித்தேன்.
ஜெர்மனியில் இதன் முன்னோர் ஆடு காத்தவை.
அந்த வயல்களுக்கு வேலி கிடையாது.
இந்தப் பக்கம் புல், அந்தப் பக்கம் கோதுமை,
நடுவே ஓர் உழவுச் சால்.
விடிந்து பொழுது சாயும்வரை
அந்தச் சாலில் போவதும் வருவதுமே நாயின் பிழைப்பு.
பிறகு ஒரு குதிரைப்படைக்காரன்
பெயரும் பதிவேடும் கொடுத்தான்.
மேய்ச்சல் நிலம் சுருங்கியது. வேலை போனது.
சீருடைக்காரர்களிடம் வேலை இருந்தது.

கோடு எங்கே என்று காட்டினால் போதும்,
போட்டது யார் என்று கேட்காத ஜாதி.
டை கட்டிய சிலரிடமும் பார்த்திருக்கிறேன்.

முதல் வாரம் அது என்னைப் பார்க்கவே இல்லை.
முற்றத்தை அளந்தது:
மாமரம், தண்ணீர் மீட்டர், கொடிக்கம்பி,
திரும்ப மாமரம்.
புல்லில் தடம் விழுந்தது.
நான் தட்டை வைத்துவிட்டு
உள்ளே வந்து தாழ்ப்பாள் போடுவேன்.

நேற்று தெருவில் கிரிக்கெட்.
கேட் திறந்து கிடந்தது, என் தப்புதான்.
பந்து சரிவில் உருள, பின்னாலேயே கெரிஷா, ஐந்து வயது.
கீழே டாக்சிகள் பறக்கும் சாலை.
நாய் பாய்ந்தது.
என்ன கத்தினேன் என்று நினைவில்லை, கால் எரிந்தது.

அது அவளைத் தொடவில்லை.
சாலைக்கும் அவளுக்கும் நடுவே
இல்லாத ஒரு சாலில்
போனது, வந்தது, போனது.
எரிச்சலில் அவள் அதன் மூக்கில் ஓர் அறை விட்டாள்.
கண்ணைச் சிமிட்டியது. விலகவில்லை.

பந்தை டாக்சி நசுக்கிவிட்டது.
பையன்கள் என்னிடம் காசு கேட்டார்கள். கொடுத்தேன்.

மன்னித்தேன் என்றெல்லாம் சொல்ல வரவில்லை.
இன்று தட்டை வைத்தபின்
படியிலேயே கொஞ்சம் உட்கார்ந்திருந்தேன்,
காலை உள்ளே மடக்கிக்கொண்டு.
அது தன் சுற்றை நடந்தது.
என்னைத் தாண்டும்போது மட்டும்
ஒவ்வொரு முறையும்
அரையடி ஒதுங்கி.