குறிச்சொற்கள்: அதிகபட்சம் ஐந்து

வியாழக்கிழமை வந்த பெட்டியில் நான்கு ஆய்வேடுகள்.
ஒரே நீல அட்டை, ஒரே அச்சகத்துப் பசை வாசம்.
டான்யூப் நதியைப் பார்த்த மூன்றாம் மாடி அறையில்
நதிக்கு முதுகைக் காட்டி உட்கார்ந்து
தலைப்பு, ஆண்டு, பக்க எண்ணிக்கை என்று
கணினியில் ஏற்றுவது என் வேலை.
படிப்பதற்குச் சம்பளம் கிடையாது.
படிக்கிறேன்.

முதலாவது, நொதி.
சர்க்கரை ஆலைக்குப் பின்னால்
பீட் கிழங்குச் சக்கை அழுகும் குழியில்
லியூபிட்சா வெலிமிரொவ் ஒரு பூஞ்சையைப் பிடித்திருக்கிறாள்.
அதன் நொதி நாரை வெட்டும்.
ஐம்பது பாகையில் வேகம், அறுபத்தைந்தில் சாவு.
வெட்டி முடித்ததும், தான் கொஞ்சமும் தேயாமல்
விலகிக்கொள்ளும் என்கிறது பக்கம் பன்னிரண்டு.
இரண்டு பேரைச் சேர்த்துவைத்துவிட்டோ பிரித்துவிட்டோ
போன மாதிரியே திரும்பி வருவது
எங்கள் ஊரில் யாருக்கும் கைகூடியதில்லை.
ஜனவரியில் மின்சாரம் போய்
நாற்பது குடுவைகள் கெட்டதை
"தரவு இல்லை" என்று இரண்டே சொல்லில் முடித்துவிட்டாள்.
அன்றிரவு எப்படித் தூங்கினாளோ.

இரண்டாவது, கோழிக் காய்ச்சல்.
குளிர்காலத்து அன்னங்கள் இறக்கிவிட்டுப் போன வைரஸ்
எந்த வாய்க்கால் வழியே எந்தக் கொல்லைக்குள் நுழைந்தது என்று
சிவப்பு அம்புகளால் வரைந்திருக்கிறார்
கால்நடை மருத்துவர் லெஹெல் தபோடி.
பதினோராயிரத்து நானூறு பறவைகள்.
நான்கு லாரிச் சுண்ணாம்பு.
பதினான்கு கோழி என்று படிவத்தில் எழுதிய ஒருத்தியின் வீட்டில்
பதின்மூன்றுதான் அகப்பட்டது.
பதினான்காவது, துணி துவைக்கும் இயந்திரத்துக்குள்
முட்டையிட்டுவிட்டு, பெருமை தாங்காமல்
கொக்கரித்தது.
அதையும் கணக்கில் சேர்த்துவிட்டார் தபோடி.
முட்டையைச் சேர்க்கவில்லை.

மூன்றாவது, கலப்புத் திருமணங்கள்.
ஸ்மிலியா கிராபோவாட்ஸ் ஒன்பது ஊர்ப் பதிவேடுகளை
விரல்விட்டு எண்ணியிருக்கிறாள்.
செர்பியர் ஹங்கேரியரை, ஸ்லோவாக்கியர் ருசினியரை.
1971 என்ற வரியில் நாற்பத்தொன்று.
அதில் ஒன்று என் அப்பாவும் அம்மாவும்.
தொட்டுப் பார்த்தேன்.
தாள் வழவழவென்று இருந்தது, வேறொன்றுமில்லை.
1992இல் மூன்று.
அடிக்குறிப்பு: ஊரைவிட்டுப் போனவர்கள் இதில் அடங்கார்.
அப்பா அந்த ஆண்டு
சவரக் கத்தியை எடுத்துக்கொண்டு போனார்.
குடையை விட்டுவிட்டுப் போனார்.
அன்று மழை.

நான்காவதை நாளைக்கு என்று ஒதுக்கியிருந்தேன்.
பள்ளிக்கூடம் பற்றியது. மெலானியா ஹார்தி எழுதியது.
மதியம் ரொட்டி தின்றபடி அதையும் பிரித்தேன்.

பக்கம் நூற்றெண்பத்தாறு.
பதிலளித்தவர் எண் 23, பெண், அலுவலர்:
"முதல் நாள் டீச்சர் இரண்டு வரிசை போடச் சொன்னார்.
இந்த மொழி சன்னலோரம், அந்த மொழி கதவோரம்.
நான் நடுவில், கணப்படுப்பின் பக்கம் போய் நின்றேன்.
ஏன் என்றார். குளிருகிறது என்றேன்.
அது செப்டம்பர் மாதம்."

இவ்வளவுதான் இருக்கிறது.
மெலானியா ஒலிப்பதிவை நிறுத்தி, மேல்கோட்டை மாட்டியபிறகு
எண் 23 சொன்ன மீதி இல்லை:
டீச்சர் கோபிக்கவில்லை.
இரண்டு வரிசையையும் எண்ணினார்.
ஆள் குறைந்த வரிசையில் என்னைக் கொண்டுபோய் விட்டார்.
நான் கனவு காணும் மொழி
அப்படித்தான் முடிவானது.

குறிச்சொற்கள், அதிகபட்சம் ஐந்து.
பள்ளிக் கல்வி. இருமொழி வகுப்பு.
சிறுபான்மையர. அழித்து, சிறுபான்மையர்.
வொய்வொதினா.
ஐந்தாவதாகக் கணப்படுப்பு என்று தட்டினேன்.
அப்படியொரு சொல் பட்டியலில் இல்லை என்றது திரை.
நெருங்கிய சொல்லாக,
வெப்பமூட்டும் சாதனங்கள், கட்டடப் பொறியியல்
என்று எடுத்துக்கொள்ளலாமா?

ஆம் என்று அழுத்தினேன்.

இனி என்றாவது
கொதிகலன் பற்றித் தேடிவரும் ஒரு பொறியாளர்
ஆறு வயதில், புதுக் காலணியோடு,
செப்டம்பர் வெயிலில்
குளிர்காய்ந்துகொண்டிருக்கும் என்னைக்
கண்டெடுப்பார்.