முப்பத்தேழாம் படிவம்

ஒரு படிவத்துக்கு நாற்பது ரூபாய்.
மழை விட்ட இடைவெளியில்
தாராவி தொண்ணூறடி ரோட்டில்
பிளாஸ்டிக் உறைக்குள் ஒரு கதையைச் சுமந்து போனேன்.
கதை லிமயே மேடத்துடையது,
தமிழ் என்னுடையது:

ஒருத்தி விடிகாலை நாலரைக்குக்
குழாய் சீறும் சத்தம் கேட்டு எழுகிறாள்.
தண்ணீர் வந்துவிட்டதென்று குடத்தோடு இறங்குகிறாள்.
சீறியது குழாய் அல்ல, பக்கத்து வீட்டுக் குக்கர்.
ஆனால் அதே நேரம் பார்த்துத்
தண்ணீரும் வந்திருக்கிறது.
தண்ணீர் வந்தது அவளுக்குத் தெரியுமா?
தெரியும் என்றால் வலது கட்டம்,
தெரியாது என்றால் இடது.

நம்ப வேண்டும்,
நம்பியது மெய்யாக இருக்க வேண்டும்,
நம்பக் காரணமும் வேண்டும்.
இந்த மூன்று காலில் நிற்கும் முக்காலிதான் அறிவு என்று
வெகுகாலம் நம்பினார்களாம்.
அதில் யாரையாவது உட்காரவைத்து ஆட்டிப் பார்க்கத்தான்
கதை.

யாரும் ஒழுங்காக உட்காரவில்லை.
"எந்த லைன்? எங்களுக்கு அஞ்சேகாலுக்குல்லா தண்ணி"
என்றார் ஞானசீலன், தோல் வெட்டும் கத்தியைக் கீழே வைக்காமல்.
"நாலரைக்குக் குக்கரா? பாவம்,
அந்த வீட்டுல யாருக்கோ காலை ஷிப்ட்"
என்று வேறெங்கோ போய்விட்டாள் சுந்தரவல்லி.
அவள் மகன் கேட்டான்:
"நாலரைக்கு இருட்டாச்சே, எப்படித் தெரியும்?"
மேடத்தின் ஆங்கிலத்தில் கண்ணுக்கு ஒரு சொல்,
அறிவுக்கு வேறு சொல்.
என்னிடம் இருந்தது ஒன்றுதான்.
அவனை எந்தக் கட்டத்தில் போட?

"கொடம் நெறஞ்சுதா இல்லியா?"
நிறைந்தது.
"பெறகென்ன?"
இப்படி வலது கட்டங்கள் நிறைந்தன.

பதிமூன்றாம் காம்பவுண்டில்
மூடிகளைத் தரம் பிரித்துக்கொண்டிருந்தாள் பேச்சி.
ஒன்றைச் சுண்டினாள்.
"சத்தத்த வச்சே பிபின்னு சொல்லிரலாம்."
தீக்குச்சி உரசி ஓரத்தைக் கருக்கி மோந்தாள்.
"ஆனா இதுக்குப் பெறகுதான் தெரியும்.
நெறஞ்சது கொடம். அவளுக்கு ஒண்ணும் தெரியல.
நாளைக்கும் குக்கருக்குத்தான் எறங்குவா."
இடது.

அன்று மாலை மழை பிடித்துக்கொண்டது.
சயான் ஸ்டேஷன் பாலத்தில் ஒதுங்கி
முப்பத்தேழு முதல் நாற்பத்திரண்டு வரை
நானே நிரப்பினேன்.
யோவான் இப்படித்தான் சொல்வார்,
முறுக்குக் கடைக்காரர் எதிர்த்துத்தான் சொல்வார்.
ஆறு பெயர், ஆறு கையெழுத்து, இரண்டு பேனா.
இருநூற்று நாற்பது ரூபாய்க்குச் செருப்பு வாங்கினேன்.

செருப்பு கடிக்கவில்லை. வேறேதோ கடித்தது.
மறு வாரம் போய்
ஆறு பேரிடமும் கதையைச் சொன்னேன்.
ஆறும் நான் போட்டபடியே.
காக்கை உட்காரப் பனம்பழம் விழும் என்பார்கள்.
ஆறு காக்கை. ஆறு பழம்.

கலீனா வளாகத்தில் திரை வெளிச்சத்தில் மேடம் சொன்னார்:
"மூன்றில் இரண்டு பேர் 'தெரியும்' என்கிறார்கள்."
சொன்னது மெய்.
கையெழுத்திட்ட தாள்கள் இருந்தன, காரணம் இருந்தது.
நம்பினார், குரலில் நடுக்கமே இல்லை.
முக்காலி கனஜோராக நின்றது.
முன்வரிசையில் ஒருவர் எழுந்து
இதெல்லாம் கதையில்தானே நடக்கும், வாழ்க்கையில் நடக்குமா என்றார்.
மேடம் சிரித்தார், அபூர்வம் என்றார்.
கடைசி வரிசையில் என் வாய் நிறைய சமோசா.

திரும்பும் வழியில் பேச்சியிடம் போனேன்.
இன்னொரு கதை இருக்கிறது என்றேன்.
ஒரு டீச்சர். கையில் கணக்கு. கணக்கு சரிதான்.
ஆனால் எழுதிக் கொடுத்த ஆள்
ஆறு பேரிடம் கேட்கவே இல்லை.
டீச்சருக்குத் தெரியுமா, தெரியாதா?

பேச்சி மூடியைச் சுண்டவில்லை,
தீக்குச்சியைத் தேடவில்லை.
என் காலில் கிடந்த செருப்பைப் பார்த்தாள்,
மூக்கை லேசாக உறிஞ்சினாள்.

"நீதானே?" என்றாள்.