கலத்தின் வகை

பதிவேட்டில் ஏழு கட்டம்.
கலம், தண்டல், பாய்மரம், சரக்கு,
வந்த துறை, போகும் துறை, தீர்வை.
புன்னைக்காயலில் பதினோரு வருஷம்
ஒரு கட்டம்கூட நான் வெறுமனே விட்டதில்லை.

மாசி நாலாம் தேதி காலை எட்டரைக்கு
கல்யாணப் பந்தல் ஒன்று காற்றில் பிய்ந்து
இரண்டு வள்ளத்தின் மேல் குந்தியது போல
பொழிமுகத்தில் வந்து இறங்கியது அது.
இறங்கியதா, விழுந்ததா?
கரையில் இன்னும் வழக்குத் தீரவில்லை.

விசிறி சுற்றி ஓய்வதற்குள்
சிலுவம்மாள் காயப்போட்ட நெத்திலியெல்லாம்
பறந்து போய் ஆற்றில்.
“மீனைத் தண்ணிக்கே திருப்பிக் குடுக்கவா
ரா முழுக்கக் கண்ணு முழிச்சாக?”
துரை தொப்பியைக் கழற்றினான்.
முகமெல்லாம் எண்ணெய்க் கரி.

இடது மிதவை திட்டில் உரசிக் கிழிந்திருந்தது.
லோபு மோத்தா உள்ளே கைவிட்டுப் பார்த்தார்.
“மரந்தான். நம்ம மரத்தவிட மெலிசு.”
பஞ்சு, குங்கிலியம், காய்ச்சின எண்ணெய்.
தோணிக்கு என்ன உண்டோ அதுதான் இதற்கும்.

மூன்றாம் நாள் கிளப்பினான். எழும்பவில்லை.
காற்று செத்துக் கிடந்தது. ஆறு எண்ணெய்த் தாம்பாளம்.
ஓடினான், திரும்பினான், மறுபடி ஓடினான்;
தண்ணீர் காலை விடமாட்டேன் என்றது.
“ஆறு தூங்குது” என்றார் மோத்தா.
“தூங்குறவன் பிடிச்ச பிடிய விடுவானா?”
ஏழு வள்ளம். குறுக்கும் நெடுக்கும் துடுப்பு.
தண்ணீரில் சுருக்கம் விழ
அதில் தடதடவென்று தட்டி
ஒரு கால் எழும்பியது.
அப்புறம் மற்றது.
எல்லாரும் கத்தினார்கள். நான் மணி பார்த்தேன்:
பத்து முப்பத்தைந்து.

பன்னிரண்டுக்குத் தந்தி.
தூத்துக்குடியில் இறங்கும்போது மூக்குக் குத்தித் தலைகுப்புற.
துரை வாலைப் பிடித்துத் தொங்கிப் பிழைத்தான்,
நஷ்டம் தொப்பியும் இயந்திரமும்.
மோத்தா கேட்டது ஒன்றே:
“நம்ம ஒட்டு தாங்குச்சா?”

எட்டு நாள் கழித்து வாடையில் மிதந்து வந்தது
அந்த இடது கால் மட்டும்.
உள்ளே ஒரு சொட்டுத் தண்ணீர் இல்லை.
சிலுவம்மாள் ஆள் வைத்து இழுத்துப் போய்
மேல்பலகையைப் பெயர்த்து உப்புத்தொட்டி ஆக்கிவிட்டாள்.
யாரும் தடுக்கவில்லை.

பாய்மரம்: இல்லை.
தண்டல்: நாலு தடவை கேட்டும் எழுத்தில் அடங்கவில்லை.
வந்த துறை என்பதில் ‘மேலே’ என்று எழுதினேன்.
அடித்தேன்.
மறுபடியும் ‘மேலே’ என்றே எழுதினேன்.
கலம்: தோணி.
தீர்வை இரண்டணா,
என் மடியிலிருந்து.