காது மாறிய தாங்கி

மாரிபோரில் மாலை நான்கு மணி.
சஸ்கட்டூனில் காலை ஒன்பது, வெளியே மைனஸ் முப்பத்தொன்று.
பலாப்யேயில் ஐந்தாகியும்
வெயில் தகரக் கூரையை விட்டு இறங்கவில்லை.
ஒரே திரையில் மூன்று சன்னல்கள்,
சன்னலுக்கு ஓர் ஆசிரியர்.
நான் எதிலும் இல்லை.
கேமராவுக்கு இந்தப் பக்கம்
மில்லிங் மெஷினுக்கு எண்ணெய் விட்டுக்கொண்டிருக்கிறேன்,
அந்தத் தாங்கியை வெட்டியவன்.

முதலிலேயே சொல்லிவிடுகிறேன்,
என் கையில் தப்பில்லை.
பதினாறு மில்லி எஃகுத் தகடு,
பன்னிரண்டில் ஒரு துளை, மயிரிழை பிசகவில்லை.
பம்பின் கைப்பிடியைப் பூட்ட
மேலே ஒரு காது.
வரைந்தவர்கள் லோர்ன் வாக்னியாக்கின் மாணவர்கள்.
வெட்டச் சொன்னது எங்கள் ஸ்தென்கா ஹ்ரிபெர்னிக்.
பூட்டவேண்டியவர்கள்
காவோலாத்தே மொலாவாவின் வகுப்பு,
ஆடுகள் காத்து நிற்கும் ஓர் ஆழ்துளைக் கிணற்றில்.

ஆறு வாரம் கழித்துப் புகைப்படம் வந்தது.
காது இடப்பக்கம் நிற்கிறது.
கைப்பிடி போய் வேலியில் முட்டுகிறது.
ஓர் ஆடு அதை முகர்ந்து பார்க்கிறது.

எங்கள் வழக்கம் இது:
பொருளுக்குப் பின்னால் ஒரு சுவர்.
இடப்பக்கம் நின்று பார்த்தால்
பார்வை பொருளைக் கடந்துபோய்
வலப்பக்கத்தில் படமாக விழும்.
அவர்கள் ஊரில் பொருள் கண்ணாடிப் பெட்டிக்குள் இருக்கிறது.
எந்தப் பக்கம் நின்று பார்த்தாயோ
அந்தப் பக்கக் கண்ணாடியிலேயே படம்.
இரண்டும் சரி.
எது என்று சொல்ல
தாளின் மூலையில் ஒரு குறி உண்டு:
தலையறுந்த கூம்பு, பக்கத்தில் இரண்டு வட்டம்,
மொத்தமும் ஒரு பூசணி விதை அளவு.
அந்தத் தாளில் அது இல்லை.

இருபது மதிப்பெண்.
யாரிடம் கழிப்பது?
"குறி போடாதவர்கள் உங்கள் பிள்ளைகள்" என்றார் ஸ்தென்கா.
"குறி இல்லையே என்று கேட்காதவர்கள் உங்கள் பிள்ளைகள்."
லோர்ன் கம்பளித் தொப்பியைக் கழற்றவே மறந்திருந்தார்.
இருபது ஆண்டு சொல்லிக்கொடுத்தவர்கள்
இருபது மதிப்பெண்ணுக்கு
நாற்பது நிமிடம் மல்லுக்கு நின்றார்கள்,
மிக மரியாதையான ஆங்கிலத்தில்.

திரும்பி வந்த தாங்கி மேசைமேல் கிடந்தது.
ஸ்தென்கா அதை எடுத்துக் கேமராமுன் பிடித்தார்.
"இதோ..." என்றவர் நிறுத்திவிட்டார்.
திரையின் கீழ் மூலையில்
தன்னைத் தானே பார்க்கும் அந்தச் சின்னச் சன்னலில்
காது வலப்பக்கம் இருந்தது.
வரைபடத்தில் இருந்தது போலவே.
"சரியாகத்தானே இருக்கிறது?"
மற்ற இருவரும் தலையாட்டினார்கள், இல்லை என்று.
நம் சன்னல் நமக்கு மட்டும் கண்ணாடி காட்டும்
என்பது எனக்கே அன்றுதான் உறைத்தது.
தாங்கியைக் கீழே வைக்கவும் தோன்றாமல்
கொஞ்ச நேரம் பிடித்தபடியே இருந்தார்.
இரண்டேகால் கிலோ அது.

அதுவரை வாய் திறக்காத காவோலாத்தே சொன்னார்:
"வெட்டுவதற்கு முன்பே நான் அந்தப் படத்தைப் பார்த்தேன்.
கண்ணாடிப் பெட்டி முறை என்று
பார்த்ததுமே தெரிந்தது.
எங்கள் ஊருக்குப் படங்கள் எல்லாத் திசையிலிருந்தும் வரும்,
இரண்டையும் படிக்கப் பழகினோம்.
தெரிந்ததால் சொல்லத் தோன்றவில்லை.
வேண்டுமானால் என்னிடம் கழித்துக்கொள்ளுங்கள்."

யாரும் கழிக்கவில்லை. கூட்டவும் இல்லை.
அடுத்த புதன் பார்க்கலாம் என்று
மதிப்பெண்ணை ஒத்திப்போட்டார்கள்.
இன்றைக்கும் அது முடிவாகவில்லை.

புதுத் தகட்டைப் பிடிப்பானில் இறுக்கினேன்.
எண்ணெய்க் கையைத் துடைத்துக்கொண்டு
முதல் தடவையாகக் கேமராமுன் போய் நின்றேன்.
"நான் ஸ்தானே, வெட்டுகிறவன்.
எந்தப் பக்கம் நின்று பார்க்கிறீர்கள்?
ஒரு வாய் வார்த்தை போதும்."

லோர்ன் வலக்கையைத் தூக்கினார்.
என் திரையில் அது
இடப்பக்கம் எழுந்தது.
காவோலாத்தேதான் முதலில் சிரித்தார்.

தாளின் மூலையில்
கூம்பையும் வட்டங்களையும் நானே வரைந்தேன்,
பென்சிலால்,
கொஞ்சம் பெரிதாக.