இருபத்தைந்து மில்லிமீற்றர்

மூன்று பார்வைத்துண்டுகள்.
மூன்றுக்கும் ஒரே குவியத்தூரம் என்றுதான் பேச்சு.
பித்தளையில் பொறித்த ஐந்து தேய்ந்து
ஆறாகவும் இருக்கலாம் என்கிறான் ருஷ்தி.
வெள்ளவத்தையில் எட்டாம் மாடிக்கும் மேலே
தண்ணீர்த் தாங்கிக்கும் டிஷ் அன்டெனாக்களுக்கும் நடுவே
உடைந்த கதிரையொன்றில் துவாய் விரித்து
சத்திரசிகிச்சைக்குப் போல அடுக்கியிருக்கிறோம்.

பித்தளை, பஞ்சிகாவத்தையில் கிடைத்தது,
காபரேற்றர் ஜெற்றுகள் கொட்டிக்கிடந்த தகரப்பெட்டிக்குள்.
எந்த வாகனத்துக்கு என்று கடைக்காரர் கேட்டார்.
மொறிஸ் மைனர் என்றேன்.
இருநூறு ரூபாய் குறைத்தார்.

கறுப்பு, யப்பானியக் கெல்னர்.
மெல்பேர்னுக்குப் போன பம்பலப்பிட்டிக் குடும்பமொன்று
பியானோ ஸ்டூலோடும் நாய்ச்சங்கிலியோடும் சேர்த்து விற்றது.
கொழும்பின் ஈரம் அதற்குள் பங்கசு வளர்த்திருக்கிறது:
வில்லையோரம் மெல்லிய வேர்விட்ட ஒரு தோட்டம்.
சிலிக்கா ஜெல் வைத்தோம். அரிசிக்குள் புதைத்தோம்.
அரிசிதான் பழுதானது.

மூன்றாவது, எரிமலை வாய்போலத் தலை சரிந்த
ஓதோஸ்கொப்பிக்.
ருஷ்தியின் மச்சான் கப்பலில் எஞ்சினியர்,
ஒசாகாவில் வாங்கி, காலுறைக்குள் சுருட்டிக் கொண்டுவந்தது.
அதைத் தொடுமுன் ருஷ்தி கை கழுவுவான்.

நிலாவுக்கு ஏழு நாள்.
காலி வீதியின் வெளிச்சத்தில் வானம்
சரியாய்க் கழுவாத கண்ணாடிக் குவளை.
கடற்கரையோரம் ரயில் போகும்போது
தொலைகாட்டியின் கால்கள் மெல்ல அதிரும்.
நிலாவில் நிலநடுக்கம், 8.12 என்று
கொப்பியில் எழுதிக்கொள்வேன்.

கெல்னரில் நடுப்பகுதி கூர்மை;
ஓரத்துக்குப் போனால் பள்ளங்கள் நீந்தத் தொடங்கும்.
எதிர்ப்பக்கத்தில் பச்சையாய் ஒரு பொய்நிலா
அழைக்காத விருந்தாளிபோல் நிற்கும்.
ஓதோவில் பொய்நிலா இல்லை.
பித்தளையோ சாவித்துவாரம். இமை முட்டப் பார்க்கவேண்டும்,
பார்த்தால் கரையெல்லாம் நீலம், செம்மஞ்சள்,
குறுக்கே ஓர் இமைமயிர்.

யாரோ எப்போதோ திறந்து துடைத்தபோது
உள்வில்லையில் விழுந்திருக்கும்.
பகலும் இரவும் தொடும் கோட்டை வெட்டிக்கொண்டு
கிடக்கிறது துல்லியமாக,
நிலாவை விடவும் துல்லியமாக.
கழற்றி எடுப்போம் என்கிறான் ருஷ்தி.
பிறகு, என்கிறேன்.

எது எதென்று தெரியாமல் பார்ப்போம் என்றது அவன்தான்.
பித்தளையை விட்டுவிட்டோம், மயிர் காட்டிக்கொடுக்கும்.
இருட்டில் அவன் மாட்டுவான்,
நடுவை மட்டும் பார்த்து நான் புள்ளி சொல்வேன்.
நாலாவது முறை: ஒன்பது. வெள்ளை. ஊசிமுனை.
ஐந்தாவது: நாலு. மஞ்சள், மந்தம்,
சந்தேகமில்லை, பங்கசு.

டோர்ச் அடித்தான்.
இரண்டு முறையும் ஓதோதான் மாட்டியிருந்தான்.

சிரித்து முடிய அவனுக்கு நேரமெடுத்தது.
எனக்கோ, நாலுக்கும் ஐந்துக்கும் இடையில்
கழுத்து உளைந்து மறுபக்கம் போய் நின்றது
ஞாபகம் வந்தது.

மாட்டு, என்றேன். அதையே. கழற்றாதே.
வலது கண்: வெள்ளை.
இடது கண்: பால் கூடிப்போன தேநீர்.
வலது. இடது.
வலது.

துவாயில் மூன்றை வைத்து வழக்காடிய நேரமெல்லாம்
நாலாவது என் முகத்தில் இருந்திருக்கிறது,
ஐம்பத்தொரு வருடப் பழசு,
அரிசிக்குள் புதைக்க முடியாதது.

ஐந்தாவது வரியை நான் வெட்டவில்லை.
நாலு புள்ளிக்குப் பக்கத்தில் 'இடது' என்று எழுதினேன்.
ருஷ்தி ஒன்றும் கேட்கவில்லை.
மூடிகளை ஒவ்வொன்றாய்த் திருகினான், தேவைக்கு மேல் இறுக்கி.
லிப்டன் சுற்றுவட்டத்துக் கண்ணாஸ்பத்திரியில்
வியாழன் காலையிலேயே கியூவாம்,
நானும் வாறேன், என்றான்
தண்ணீர்த் தாங்கியைப் பார்த்துக்கொண்டு.

பித்தளையை மட்டும் இன்னொருமுறை மாட்டினேன்.
நிலா தாழ்ந்து, கடல்பக்கம் அழுக்காகிக்கொண்டிருந்தது.
வலதால் பார்த்தேன். இடதால் பார்த்தேன்.
இமைமயிர்
இரண்டிலும் ஒரே கறுப்பு.