முதலாவதா, இரண்டாவதா

வாரத்தில் ஆறு நாள் சூளூர்பேட்டை பஜாரில்
கண்ணாடிக் கடை எனக்கு.
வில்லையை மாற்றி மாற்றிப் போட்டு
முதலாவது தெளிவா, இரண்டாவதா என்பேன்,
தமிழில் பாதி, தெலுங்கில் பாதி.
ரெண்டும் ஒண்ணாத்தான் இருக்கு என்பவரை
எழுந்திருக்க விடமாட்டேன்.
இன்னொரு தரம் பாருங்க.

ஏழாம் நாள் புலிக்காட் ஏரியில்
அதே கேள்வி என் பக்கம் திரும்பிவிடும்.

இருக்கம் தீவுக்கு இந்தப் பக்கம்
இடுப்பளவு நீரில் தேசப்பன் கழி ஊன்றுகிறார்.
வலை கட்டிய மூங்கில்களில்
கம்புக்கு ஒன்றாக ஆலாக்கள்.

பெரியவை சுலபம்.
கேரட் சொருகியதுபோல் மூக்கு இருந்தால்
படகு ஆடினாலும் தப்பாது.
கொண்டைக்காரர்களில் எலுமிச்சை அலகு பெரியது,
ஆரஞ்சு அலகு சின்னது.
மாலை வெயிலில் எலுமிச்சையும் பழுத்துவிடும்,
அப்போது அளவைப் பார் என்கிறது கையேடு.
பக்கத்தில் இன்னொன்று இல்லாதபோது
அளவு ஏது?

மீசை ஆலா
பனிக்காலத்தில் மீசையை மழித்துவிட்டு வரும்.
காதில் ஹெட்ஃபோன் மாட்டியதுபோல்
கறுப்பு இறங்கியிருந்தால் அது வெள்ளிறகு ஆலா.
இதுவரை நாகபூஷணமும் நானும் ஒரே கட்சி.

சண்டை குட்டிகளில்தான்.
மஞ்சள் அலகு, நுனியில் மை.
நெற்றி வெள்ளை கண்ணைத் தாண்டிப் பின்னால்
ஒரு கோடாக ஓடினால் சின்ன ஆலா.
கண்ணுக்கு முன்பே சதுரமாக நின்றால்
சாண்டர்ஸ் ஆலா.
காலின் மஞ்சளும் கொஞ்சம் அழுக்கு.
இறக்கை விளிம்பில் கறுப்பு இறகு இரண்டா, மூன்றா,
அதைப் பறக்கும்போதே எண்ண வேண்டும்.
என் வாடிக்கையாளர்கள் உட்கார்ந்தாவது இருப்பார்கள்.

ஏப்ரல், காலை எட்டரை, கானல் எழத் தொடங்கிவிட்டது.
ஒற்றைக் கம்பில் ஒன்று.
சதுரம் என்றார் அவர்.
கோடு என்றேன் நான்.
கோபம் ஏற ஏற அவர் தமிழுக்கு வந்தார்,
நான் தெலுங்குக்குப் போனேன்,
திட்டுவது எதிராளிக்குப் புரிய வேண்டுமே.
தொலைநோக்கியை விட்டு நிமிர்ந்து
அவர் மூக்குக்கண்ணாடியைத் துடைத்தார்.
அப்போதுதான் உறைத்தது,
அது நான் போட்ட கண்ணாடி.
அவர் பார்த்தது தப்பு என்றால்
நான் அளந்தது தப்பு.

"நீங்க முடிக்கறதுக்குள்ள அது சாப்ட்டு முடிச்சிரும்"
என்றார் தேசப்பன்.
சாப்பிடவில்லை.
கல்போல் விழுந்து, ஊசி மீனோடு எழுந்து,
சேற்றுத் திட்டில் நின்ற இன்னொன்றின் முன் நீட்டியது.
அது தலையைச் சாய்த்து ஒரு கண்ணால் பார்த்தது.
மறுபக்கம் சாய்த்து மறு கண்ணால்.
வாங்கவில்லை.
இது ஒரு அடி தள்ளி வந்து மறுபடி நீட்டியது.
வாங்கிக்கொண்டது.
வாங்கியதன் நெற்றியில் கோடு,
அதில் எங்களுக்குள் தகராறு இல்லை.
கொடுத்தது முதுகைக் காட்டி நின்றது.

படிவத்தில் அந்தக் கட்டம் மட்டும் வெறுமையாக.

திங்கள்கிழமை கடை திறக்கும் முன்பே
நாகபூஷணம் படியில் நின்றார்.
நாற்காலியில் உட்கார்ந்து
தாடையைத் தாங்கியில் வைத்தார், ஒரு வார்த்தை பேசாமல்.
முதலாவதா, இரண்டாவதா?
ரெண்டாவது.
இடது கண்ணில் கால் பாயிண்ட் கூடியிருந்தது.

கால் பாயிண்டில் ஒரு கோடு மறைந்துபோகாது,
எனக்குத் தெரியும்.
அவருக்கு அதைச் சொல்லாமல்
பழைய பிரேமிலேயே மாற்றிக் கொடுத்தேன்.
அவர் போனபின், இன்னும் சூடாக இருந்த நாற்காலியில்
நான் உட்கார்ந்து பார்த்தேன்.
எதிரே எழுத்துப் பலகை.
கேட்பதற்கு ஆளில்லை.